நாலு மணிக்கு ஒரு செட்

போன் அலறியது!

சிதம்பரம், மங்கலம் மெடிக்கல்ஸ். கடைக்காரி இசைவாணி பாய்ந்து எடுத்தாள். மணி நாலரை. தினமும் டாண் என்று நாலுக்கு வந்து நிற்கும் யாகப்பன் சாரை இன்னும் காணோம்.

"எஸ்.ஐ. திருநாவுக்கரசு பேசுறேன். அண்ணாமலை நகர்ல யாகப்பன்னு ஒரு பெரியவரு ரத்த வாந்தி எடுத்துக் கெடந்தாரு. சட்டைப் பையில உன் கடை பேரு போட்ட காலி கவரு! ஆஸ்பத்திரிக்கு வா!"

அவள் கடையைப் பூட்டிவிட்டு ஓடினாள்.

கைகால் வலி என்பார் யாகப்பன் சார். அட்டையிலிருந்து வெட்டி, காகிதக் கவரில் மூன்று மாத்திரை கொடுப்பாள். அதுதான் செட். ஊரே அப்படித்தான் வாங்குகிறது! பிறகு அரை மணி நேரம் பேச்சு. மனைவி போன வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை. புருஷன் துபாயில் இருக்க, அவளுக்கும் அந்த அரை மணிதான் வாழ்க்கை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எஸ்.ஐ. உறுமினார்.

"என்னா விஷத்தக் கலந்த?"

"ஐயோ சார்! வலிக்கும் வீக்கத்துக்கும் சேர்ந்த மாத்திரை ஒண்ணு, சத்து மாத்திரை ரெண்டு... அவ்ளோதான்!"

டாக்டர் வெளியே வந்தார்.

"விஷம் இல்ல. இவரு இதய வால்வு ஆபரேஷன் பண்ணவரு. ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுறாரு. அதோட இந்த வலி மாத்திரையும் சேர்ந்தா வயித்துல ரத்தம் கசியும்! கேக்காமலா குடுத்தீங்க?"

"கேட்டேன் சார்! வேற மாத்திரையே கிடையாதுன்னாரு!"

"சாட்சி?" என்றார் எஸ்.ஐ. "அவரு பொழைக்கலேன்னா லைசென்ஸ் காலி. நீ உள்ளதான்!"

அப்போது... கான்ஸ்டபிள் கொளஞ்சி ஒரு பிஸ்கட் டின்னோடு ஓடி வந்தார்.

"ஐயா, அவரு வீட்டு பீரோவுல இருந்துச்சு!"

திறந்தார்கள். உள்ளே அத்தனையும் அவள் கடைக் கவர்கள். எண்பத்தொன்று! ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை!

"சாப்பிடவே இல்லியா? அப்புறம் எப்படி..." என்றார் எஸ்.ஐ.

இசைவாணிக்குச் சுரீர் என்றது.

பத்து நாளாகத்தான்... "இன்னுமா வலி? ஒழுங்கா சாப்பிடுறதில்ல நீங்க!" என்று அதட்டி, தண்ணீரும் கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைத்தாள். அக்கறையில்தான்!

மறுநாள் யாகப்பன் கண் திறந்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். கேட்டுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

"ஏன் சார்?" இசைவாணி விம்மினாள்.

"எனக்கு வலியே இல்லம்மா. ரத்த மாத்திரை சாப்பிடுறேன்னா நீ செட்டு தரமாட்ட. அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு நான் கடைக்கு வர்றது?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். இசைவாணி அடக்கமாட்டாமல் அழுதாள்.

"இனிமே மாத்திரை கிடையாது. சும்மாவே வாங்க சார்."

"சும்மா வந்தா நல்லாருக்காதும்மா. சோப்பு வாங்கிக்கிறேன்..."

கிழவர் கண் சிமிட்டினார்.

"அதையும் எதிர்லயே முழுங்கச் சொல்லுவியா?"