சுவரில் ஏறிய கோடு

கோடு நேராக இருந்தது. தமிழ்வாணிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ஈரம் சுவரில் அப்படி ஏறாது. செங்கல்லில் ஒரு வேகம், சிமென்டில் ஒரு வேகம். மேல்விளிம்பு எப்போதும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். இயற்பியல் படித்தவளுக்கு இது தெரியும். ஆனால் அக்கா முத்துமீனா பிரசவம் முடிந்து வந்து படுத்திருந்த பின்னறையில், தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் உயரத்தில், நான்கு சுவர்களையும் சுற்றி அடிஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு. அதற்குக் கீழே பெயின்ட் ஒரு சாயல் கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. சில்லென்று இருந்தது. வெளியே சித்திரை வெயில். மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

பென்சிலால் தேதி போட்டு வைத்தாள். திங்கள், ஒன்பது. மறுநாள் காலையில் பதின்மூன்று.

"பாத்ரூம் பைப்பு ஒழுகும்டி," என்றாள் அம்மா அன்னக்கொடி. "கொத்தனாருக்குப் போனப் போடு. சும்மா அங்கன போய்ச் செவத்த நோண்டாத, புள்ள முழிச்சிரும்."

புதன்கிழமை சின்னக்கருப்பன் கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டிப் பார்ப்பார், எங்காவது உடைப்பார் என்று நினைத்தாள். அவர் வாசலில் நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். மறுமுனையோடு சமையலறைக்குப் போனார். இரண்டு முனையிலும் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் மட்டம். சமையலறைத் தரை அரையடி பள்ளம். கோடு அங்கே அரையடி கூடுதல் உயரத்தில் ஓடியது. இரண்டு இடத்திலும் தண்ணீர் கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் நின்றது.

கொத்தனார் குழாயைச் சுருட்டினார்.

"பைப்பு ஒழுகுனா ஒரு மூலையில இருந்து பரவும் பாப்பா. இது கம்மா நெறையிற மாதிரில்ல நெறையுது."

"இங்க ஏதுண்ணே கம்மா, கொளம்?"

"மண்ணக் கொட்டி மேவிட்டா இல்லேன்னு ஆயிருமா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "கம்மா நெறஞ்சா மிச்சத் தண்ணி போறதுக்குத்தேன் கலுங்கு. இந்தக் கலுங்குல நாலு கண்ணு இருந்துச்சு. மூண அடைச்சு நகரு வாசல் ஆர்ச்சுக்கு அஸ்திவாரம் போட்டாக. நாந்தேன் போட்டேன். ஒரு கண்ணு தொறந்து கெடக்கு. அதனாலதேன் மெதுவா ஏறுது."

"எது ஏறுது?"

அம்மா கொண்டுவந்த டீயை அவர் தொடவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும், "பச்சப்புள்ளய இங்கிட்டு எதுக்கு வச்சிருக்கீக?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் லேக் வியூ நகர். அப்பா பால்பாண்டி டவுன் பஸ் கண்டக்டர். லேக் எங்கே என்று யார் கேட்டாலும், "நீங்க நிக்கிற எடந்தேன்" என்று சிரிப்பார். அறுபது வீடுகள், ஒரு வாட்ஸ்அப் குழு. தெருவிளக்கு எரியவில்லை, மூன்றாவது குறுக்குத் தெருவில் மனை விற்றது, கோழிக்கடை வந்தது, நாய் கடித்தது, எல்லாச் செய்தியும் அதில் வரும். எழுதுவதில் பாதி சங்கச் செயலாளர் ராஜபாண்டி. போன மாதம் ஓர் அறிவிப்பு போட்டிருந்தார். எல்லா வீட்டுக்கும் வெளிச்சுவரின் அடியில் சாக்லேட் நிறத்தில் பார்டர், சங்கமே அடித்துத் தரும், தெரு ஒரே மாதிரி அழகாக இருக்கும்.

வியாழக்கிழமை மாலை தமிழ்வாணி தெருமுனையில் நின்று அந்த பார்டரைப் பார்த்தாள். தெரு தெற்கே சரிவாக இறங்கும். முதல் வீட்டில் பார்டர் இல்லவே இல்லை. அவள் வீட்டில் முழங்கால் உயரம். கடைசி வீட்டில் ஆளுயரம். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். தரை இறங்கிக்கொண்டே போனது. பார்டரின் மேல்விளிம்பு இறங்கவில்லை. வீடுகளைக் கடந்து, கேட்டுகளைக் கடந்து, ஒரே மட்டத்தில் போனது. பெயின்டர் ஏன் வாராவாரம் வருகிறார் என்று அவள் இதுவரை யோசித்ததில்லை.

கடைசி வீடு சபுராவுடையது. தமிழ்வாணி தயங்கித் தயங்கித்தான் கதவைத் தட்டினாள். இந்தத் தெருவில் அவள் பேசுகிற ஒரே ஆள் சபுராதான், அதுவும் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை.

"வா தமிழு."

உதடு அசைந்த பிறகு சத்தம் வந்தது. கொஞ்சம் தாமதமாக. உள்ளே கழுத்தளவுக்குப் புது டைல்ஸ். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது, அதன் இரைச்சல் கேட்கவில்லை. வெயிலில் வந்த உடம்பு நொடியில் சில்லிட்டது. குளத்துப் பாசியின் வாசம், பழைய இலைகள் மக்கிய வாசம், நடுவில் எங்கோ அத்தர். சபுரா தண்ணீர் கொடுக்க எடுத்த எவர்சில்வர் டம்ளர் கை நழுவியது. தரையில் பட்டபோது மெத்தையில் விழுந்ததுபோல ஒரு சின்ன அமுங்கல் மட்டும்.

"அக்கா, செவத்துல..."

"அதப் பேசாத புள்ள. வீடு பாக்க ஆள் வாராங்க. கைமாறுற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லிருக்காரு." சபுரா சிரித்தாள். "மொதல்ல நெஞ்ச அடைக்கும். பெறகு பழகிரும்."

சொல்லி முடித்து மூச்சை விட்டாள். மறுபடி இழுக்கவில்லை. தமிழ்வாணி மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். முப்பது. அறுபது. சபுரா அவளையே பார்த்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்று நான்கில் தமிழ்வாணி எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை இருபத்தைந்து. பென்சில் குறிகளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். அந்தக் குழுவில் அவள் போட்ட முதல் பதிவு. எந்த வீட்டிலாவது இப்படி இருக்கிறதா என்று ஒரு வரி. இரண்டு நிமிடத்தில் பதிவு நீக்கப்பட்டது. பத்து நிமிடத்தில் ராஜபாண்டியின் பைக் கேட்டில் நின்றது.

"பாப்பா படிச்ச புள்ள. நாலு பேரு வீடு விக்கிற எடத்துல இப்படிப் போடலாமா? உங்க அப்பாருக்கும்தேன நட்டம்?"

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே வந்து பார்த்தபோது பின்னறையில் பீரோ இடம் மாறியிருந்தது. அவள் போட்ட தேதிகளை மறைத்துக்கொண்டு நின்றது.

அப்பா டியூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளாப்பா தெரியும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்கக்கா வாரதுக்கு முந்தியே."

"அப்ப எதுக்கு அவள இங்க கூட்டியாந்தீக?"

"தலப்பிரசவத்துக்குக் கூப்பிடாம விட்டா அவ மாமியா வீட்டுல என்ன பேசுவாக?" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. "மாடிக்குக் கொண்டு போங்கிறியா? தகரக் கொட்டகையில பச்சப்புள்ள வெந்துரும்டி."

"ஞாயித்துக்கிழம பார்ட்டி வருதுத்தா," என்றார் அப்பா. "வித்துட்டு வாடகைக்குப் போயிருவோம். ரெண்டு நாளு பொறு."

அன்று அவள் கணக்குப் போட்டாள். அக்காவின் கட்டில் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். சேலைத் தொட்டிலின் அடி தரையிலிருந்து அறுபது. ஒரு நாளைக்கு நான்கு என்றால் கட்டிலுக்கு ஐந்து நாள். குழந்தைக்கு எட்டு நாளுக்கு மேல். நேரம் இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை காலை உசிலம்பட்டிக்குப் போன் போட்டு அக்கா கணவர் சூர்யபிரகாஷிடம், அக்காவை வந்து கூட்டிப் போகச் சொன்னாள்.

"என்ன தமிழு, அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டையா? நீ நாலு வார்த்த சேத்துப் பேசுறதே அதிசயமா இருக்கே!"

"ஆமா மாமா. சண்டதேன்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் காரோட வாரேன்."

அக்கா எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. காலைத் தொங்கப்போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "காலு ரெண்டும் குளுகுளுன்னு இருக்குடி. இந்த வெயிலுக்கு இந்த ரூமு சொர்க்கம்."

நான்கே முக்கால் மணிக்குக் குழுவில் செய்தி வந்தது. 'ஆர்ச் வேலை நிறைவு பெறுகிறது. பழைய கலுங்கின் மீதி ஒரு கண்ணும் இன்று மாலை கான்கிரீட் போட்டு அடைக்கப்படும். கொசுத் தொல்லைக்கு முடிவு.' கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அவள் போட்ட கணக்கு அந்தக் கண் திறந்திருப்பதை நம்பிப் போட்டது.

ஓடினாள். வெயிலில் தார் செருப்பில் ஒட்டியது. சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டே ஓடினாள். ஆர்ச்சின் கீழே கலவை இயந்திரம் உருண்டுகொண்டிருந்தது. ராஜபாண்டியும் இன்னும் மூன்று பேரும் நிழலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், பழைய கருங்கல் சுவரின் அடியில், ஒரு பானை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து வந்த காற்று அவள் கணுக்காலில் பட்டது. குளிர்ந்த காற்று. பாசி வாசம்.

"என்ன பாப்பா, செல்பியா? ஆர்ச்சுல இன்னும் பேரே எழுதலயே," என்றார் ராஜபாண்டி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணே, அத... அடைக்க வேணாம்."

"என்னது? மிஷினு சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லு."

நான்கு ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சட்டி கான்கிரீட் விழுந்தது. இன்னொன்று. அவள் வாயைத் திறந்தாள். மூன்றாவது சட்டி.

"அடைக்காதீங்க!"

காற்று நின்றது.

"முடிஞ்சிருச்சு பாப்பா," என்றார் ராஜபாண்டி, கையைத் தட்டிக்கொண்டு. "இனி எதுவும் வெளிய வராது."

திரும்பினாள். தெருமுனை வீட்டில் பார்டர் இருந்ததில்லை. இப்போது அதன் வெள்ளைச் சுவரில் கோடு இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது ஏறியது. மீட்டர் பெட்டியைத் தாண்டியது. ஜன்னலைத் தாண்டியது. அழைப்பு மணி. கதவின் மாவிலை. சத்தமே இல்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. கோட்டுக்கு மேலே மஞ்சள் வெயில். கீழே வேறு வெளிச்சம்.

சரிவில் ஓடினாள். கால் கனத்தது. அடி எடுத்து வைக்க நேரமானது. காதுகள் அடைத்தன, பஸ் மலையிறங்கும்போது அடைப்பதுபோல.

வீடு. மொட்டைமாடியில் அம்மா, துணி எடுத்துக்கொண்டு.

"எங்கிட்டுடி போயிட்டு ஓடியாற?"

"எறங்காதம்மா! மேலயே இரு!"

கேட். படி. கதவு.

உள்ளே போகுமுன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று யோசிக்கவில்லை.

வெளியே இல்லாத குளிர், கதவைத் தாண்டியதும் முழங்காலில். இடுப்பில். கழுத்தில். தலைக்கு மேல்.

நடை. சமையலறை. பின்னறை.

தரை காய்ந்திருந்தது. நேற்றுக் குழந்தைக்குப் போட்ட பவுடரின் வெள்ளை அப்படியே கிடந்தது. காலண்டரின் தாள்கள் எல்லாம் மேல் நோக்கி நிமிர்ந்து, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் புரண்டன. கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பின்னல் அவிழ்ந்திருந்தது. முடி முழுவதும் தலைக்கு மேலே எழுந்து, விரிந்து, இப்படியும் அப்படியும் அசைந்தது. முந்தானையும் அப்படியே. அக்கா தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். உதடு அசைந்தது. தமிழ்வாணி சத்தம் வரக் காத்திருந்தாள். வரவில்லை.

தொட்டிலைத் தேடினாள்.

அது தொங்கவில்லை.

கூரைக் கொக்கியைச் சுற்றி, காற்றடைத்த பைபோல உப்பி, தளத்தோடு ஒட்டி நின்றது. சேலையின் பூக்கள் மெதுவாக விரிந்தன, சுருங்கின.

நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. மூச்சை விடவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும்.

வெளியே கார் ஹாரன் அடித்தது. மாமாதான். இரண்டு தடவை. வாசல் பக்கமிருந்து இல்லை. கூரைக்கு மேலே இருந்து. மிக மிக உயரத்திலிருந்து.

சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து, கூரைத் தளத்தில் உள்ளங்கையைப் பதித்து, மேலே இருக்கும் எதையோ தட்டிக் கேட்பதுபோல மெல்ல மெல்லத் தட்டியது.