சின்னக் கதவின் தாழ்

“திருடன் எடுத்துட்டுப் போனதத் தேடாம, விட்டுட்டுப் போனதையே ஏன் பாத்துட்டு நிக்கிறீங்க அக்கா?” என்று போபோங் ஒருமுறை பெலிசாவிடம் கேட்டான். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, ஊரில் எது தொலைந்தாலும் துப்புத் துலக்கும் பெலிசா அன்று சிரித்ததோடு சரி. பதில் நெனிதாவின் குழந்தைகள் காப்பகத்தில்தான் கிடைத்தது.

விடிந்தும் விடியாததுமாக நெனிதா மழையில் நனைந்தபடி பெலிசாவின் வீட்டுக்கு ஓடி வந்தாள். அன்று காலை ஆய்வு அதிகாரிகள் வருகிறார்கள். காப்பகத்தின் சமையலறை ஜன்னல் பெயர்ந்து கிடக்கிறது. தீயணைப்பானைக் காணோம். முதலுதவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் காப்பகத்தை மூட வேண்டியதுதான். துறைமுகத்தில் மீன் அரியும் பெண்கள் பிள்ளைகளை ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்துக்கொண்டு கத்தி பிடிக்க வேண்டும்.

“வேற யாரு, கட்டடத்துக்காரன் கோரியோதான்” என்று சொல்லிக்கொண்டே போபோங் தன் சவாரி வண்டியான டிரைசிகிளைக் கிளப்பினான். அந்த இடத்தில் சண்டைச் சேவல்களுக்குத் தீவனக் கடை வைக்கப்போவதாகக் கோரியோ ஊரெல்லாம் சொல்லிவந்தான்.

அவர்கள் போனபோது கோரியோ சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே நின்றான். அடுத்த தெருவில் காப்பகம் நடத்தும் லிடியாவும் இஞ்சி போட்ட கோழிக் கஞ்சியோடு உதவிக்கு வந்திருந்தாள். போன மாதம் அவள் காப்பகத்துக்கு அனுமதி மறுத்திருந்தார்கள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே குழந்தைகளைத் தடுக்கும் சின்னக் கதவு. தாழைத் தூக்கி அழுத்தினால்தான் திறக்கும். கோரியோ வழக்கம்போல் அதைத் தாண்டிக் குதித்தான். “இந்தச் சனியனுக்குத் தனியா ஒரு படிப்பு படிக்கணும்” என்றான்.

கூடத்துத் தரையெங்கும் பஞ்சும் கட்டுத்துணியும் இறைந்து கிடந்தன. கத்தரிக்கோலும் காய்ச்சல் மருந்தும் மட்டும் அலமாரியின் உச்சியில் இருந்தன. பெலிசா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நேத்து சாயங்காலம் சின்னக் கதவ மூடினியா, நெனிதா?”

“இல்லக்கா. தரை காயட்டும்னு தொறந்தே வச்சிட்டுப் போனேன். காலையில தாழ் போட்டிருந்துச்சு. பதட்டத்துல அத யோசிக்கவே இல்ல.”

பெலிசா சமையலறையில் குனிந்து, தண்ணீர்ப் பீப்பாய் மேடைக்கு அடியில் கிடந்த சாக்கை இழுத்தாள். பின்னால் தீயணைப்பான் படுத்த வாக்கில் இருந்தது. உருளாதபடி இருபுறமும் விறகு முட்டுக்கொடுத்திருந்தது. போபோங் வாயைத் திறந்தான். “முதல்ல அத மாட்டு. பேச்சு அப்புறம்” என்றாள் பெலிசா.

ஜன்னலையும் பெட்டியையும் சரிசெய்து முடித்தபோது குழந்தைகள் வந்தார்கள், பின்னாலேயே அதிகாரிகளும் வந்தார்கள். தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தார்கள், மேசை முனைகளைத் தடவிப் பார்த்தார்கள். திடீரென்று ஒருவர் அபாய மணியை அடித்தார். குழந்தைகள் ஓடிப்போய் நீளக் கயிற்றின் வளையங்களில் கைவிட்டுக்கொண்டு, பாடியபடியே கொய்யா மரத்தடிக்குப் போய் நின்றார்கள். எல்லாரிலும் சின்னவள் அதிகாரியின் கையையும் பிடித்து ஒரு வளையத்தில் நுழைத்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மறுகையால் கையெழுத்திட்டார். துறைமுகத்திலிருந்து ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்த தாய்மார்களின் ஆரவாரத்தில் கோரியோவின் சேவலே மிரண்டது.

அதிகாரிகள் போன பிறகு, லிடியா கஞ்சி ஊற்ற, எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

“இவனப் பிடிச்சிடலாமா அக்கா?” என்றான் போபோங், கோரியோவைக் காட்டி.

“கோரியோ வந்திருந்தா கதவத் தாண்டியிருப்பான். இந்தத் திருடன் திரும்பிப் போகும்போது தாழ் போட்டிருக்கான். வெளியாள் வேலைன்னு காட்டத்தான் பெட்டியக் கவிழ்த்தது. ஆனா கத்தரிக்கோலத் தரையில விட மனசு வரல. கை தானா மேல கொண்டுபோய் வச்சிருச்சு. அப்படிப்பட்ட ஆளு கனமான சிலிண்டர நிக்க வச்சிட்டா போகும்? புள்ளைங்க மேல விழுந்துடுமே. அதான் இருக்கிறதிலேயே தாழ்வான இடத்துல தேடினேன்.”

“அப்ப அம்மாமாருங்கள்ல ஒருத்தியா?”

“அவங்க வாசலோட சரி, இந்தத் தாழத் தொட்டதே இல்ல. நெனிதா, இதே மாதிரிக் கதவு வேற எங்க இருக்கு?”

நெனிதா லிடியாவைத் திரும்பிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினோம்” என்றாள் மெல்ல.

கோரியோ சேவலைத் தடவிக்கொண்டு, “என்னத்தானே எல்லாரும் மொறைச்சீங்க” என்று முணுமுணுத்தான்.

லிடியா கரண்டியைக் கீழே வைத்தாள். குழந்தைகளின் ஊடே நடந்து, தாழைத் தூக்கி அழுத்திச் சின்னக் கதவைக் கடந்தாள். அந்தப் பக்கம் நின்று திரும்பவும் தாழ் போட்டாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு மழையில் இறங்கிப் போனாள்.