இது வீடு

மாமாவின் வழிகாட்டிப் புத்தகத்தில் இருபத்திரண்டு இடங்கள் இருந்தன. பகல் ஒரு மணிக்குள் பதினாறு இடங்களுக்குப் பென்சிலால் ‘டிக்’ போட்டுவிட்டார். பதினாறையும் பார்த்தாரா என்று கேட்டால், அது வேறு விஷயம்.

அவருக்குப் பின்னால் வந்தவள் அவருடைய அக்கா மகள். பத்து வயது. எதைக் கண்டாலும் குனிந்து, மூக்கு முட்டும்படி பார்ப்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அவ்வளவு நீளமாகக் கூப்பிட மாமாவுக்குப் பொறுமை இல்லை. ‘பூதம்’ என்று சுருக்கிவிட்டார்.

“பூதம், சீக்கிரம் வா!” என்று அவர் நடுத்தெருவில் கத்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அது பழைய துறைமுகத்தை ஒட்டிய பகுதி. கல் பாவிய தெருக்கள் எல்லாம் சரிந்து சரிந்து தண்ணீரை நோக்கி இறங்கின. இரண்டு பக்கமும் இருநூறு வருடத்து வீடுகள். கிடங்குகளிலிருந்து தாரும் கயிறும் கலந்த வாசனை வந்தது. பூதக்கண்ணாடிக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஆனால் எதையும் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாமா விடவில்லை.

“ஆறு மணிக்குப் படகு. இன்னும் ஆறு இடம் பாக்கி” என்றார் மாமா. “அடுத்தது பதினேழு. கப்பல் தலைவர் வாழ்ந்த வீடு. இப்போ மியூசியம். பச்சைக் கதவு, மூணு படி, வாசல்ல குதிரை கட்டுற இரும்பு வளையம் ரெண்டு. இதோ, இதுதான்!”

கதவு பாதி திறந்திருந்தது. மாமா தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அறை அமைதியாக, சுத்தமாக இருந்தது. சுவரோரம் ஒரு பித்தளை விளக்கு. மூலையில் வளையமாகச் சுற்றி வைத்த தடித்த கயிறு. ஜன்னல் மேடையில் ஒரு கண்ணாடிக் குவளை, அதற்குள் நீலநிறப் பல்துலக்கும் பிரஷ்.

“மாமா, அந்தக் காலத்துல பிளாஸ்டிக் பிரஷ் இருந்துச்சா?”

“கூட்டிப் பெருக்க வந்தவங்க யாராவது மறந்து வெச்சிருப்பாங்க. அதை விடு, இங்க பாரு! மெழுகு பொம்மை!”

சாய்வு நாற்காலியில் ஒரு பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க!” என்று மாமா கேமராவை எடுத்தார்.

பூதக்கண்ணாடி வழக்கம்போலக் குனிந்தாள். பொம்மையின் காலுறையில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதன் மேல் ஓர் ஈ உட்கார்ந்தது. விரல் ஒருமுறை ஆடியது. ஈ பறந்துபோனது.

“மாமா, பொம்மை விரலை ஆட்டுது.”

“உள்ள மோட்டார் வெச்சிருப்பாங்க.”

பொம்மை கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி இடப்பக்கம் காட்டியது. “மியூசியம் அடுத்த கதவு” என்றது.

மாமா துள்ளிய துள்ளலில் தொப்பி ஒரு பக்கமும் பென்சில் ஒரு பக்கமும் போய் விழுந்தன.

“மன்னிச்சிடுங்க மேடம்! தெரியாம... பச்சைக் கதவு, மூணு படின்னு போட்டிருந்துச்சு...”

“ரெண்டு வீட்டையும் ஒரே அச்சுல கட்டிட்டாங்க சார்” என்றாள் அந்தப் பெண். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. கண்கள் சிவந்திருந்தன. “காலையிலேர்ந்து நீங்க பதினாலாவது ஆளு. பாப்பாவையும் சேத்தா பதினஞ்சு.”

“ஏன் அக்கா பகல்ல தூங்கறீங்க?” என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

அந்தப் பெண் இழுவைப் படகு ஓட்டுபவள். பெரிய கப்பல்கள் தாமாகத் துறைமுகத்துக்குள் திரும்ப முடியாது. சின்ன இழுவைப் படகுதான் கயிறு கட்டி இழுத்து வந்து கரையோரம் நிறுத்த வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலைக்குப் போனால் விடிந்தபிறகுதான் வீடு. பகலில் தூங்கினால்தான் உண்டு. பகலிலோ ஊரே வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது.

“நேத்து வேலையில ஒரு நொடி கண் அசந்துட்டேன். படகு போய்க் கரையில இடிச்சிருச்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்ல. ‘இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன்னைப் படகுலேர்ந்து இறக்கிடுவேன்’னு மேலாளர் சொல்லிட்டார். இன்னிக்கு ஆறு மணிக்குப் பெரிய சரக்குக் கப்பல் வருது. அதுக்குள்ள மூணு மணி நேரமாவது நான் தூங்கியாகணும்.”

“கதவைத் தாழ் போட்டுக்கலாமே?” என்றார் மாமா.

“தாழ்ப்பாள் உடைஞ்சு நாலு மாசம் ஆச்சு. பழைய கட்டடம் இல்லையா, நாமளா ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. மனு கொடுத்தேன். அதே காலத்துத் தாழ்ப்பாளைத் தேடிக்கிட்டு இருக்காங்களாம்.”

“கதவுக்குப் பின்னால நாற்காலி போட்டு...”

“போட்டேன் சார். ஒருத்தர் மூச்சுப் பிடிச்சுத் தள்ளிட்டு வந்து, ‘அந்தக் காலத்துக் கதவுன்னா சும்மாவா, என்ன கனம்!’னு பாராட்டிட்டுப் போனார்.”

“மாடியில படுத்தா?”

“மாடிக்கும் வர்றாங்க.”

“ஒரு அட்டையில எழுதி வெச்சா?” என்றாள் பூதக்கண்ணாடி.

“அதுவும் வெச்சேன் பாப்பா. ‘இது வீடு’ன்னு பெருசா எழுதி வாசல்ல சாத்தி வெச்சேன். எல்லாரும் நின்னு அதைப் படிச்சாங்க. ‘ஓ, இது வீடு! அப்போ அடுத்த அறை சமையல்கட்டா இருக்கும்’னு பேசிக்கிட்டு உள்ள வந்தாங்க.”

பூதக்கண்ணாடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“வாசல்ல இருக்கற ரெண்டு வளையத்துக்கும் நடுவுல அந்தக் கயித்தைக் கட்டிப் பாத்தேன். யாரும் உள்ள வரலை. கயித்துக்கு அந்தப் பக்கம் வரிசையா நின்னு, நான் தூங்கறதைப் போட்டோ எடுத்தாங்க.”

கேமராவை மாமா மெதுவாகப் பைக்குள் வைத்தார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது.

“செருப்பு! வாசல்ல நாலு செருப்பைப் போட்டு வைங்க. பாத்ததும் குடியிருக்கற வீடுன்னு தெரிஞ்சுடும்.”

சொன்னதோடு நிற்காமல், அவளுடைய செருப்புகளையும் மழைக்காலத்துப் பூட்ஸையும் தாமே எடுத்துப் படியில் அழகாக அடுக்கினார். மூவரும் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நால்வரும் படியில் நின்று தங்கள் காலணிகளைக் கழற்றி, ஏற்கெனவே இருந்தவற்றின் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, பயபக்தியோடு உள்ளே வந்தார்கள்.

“அம்மா, இந்தப் பொம்மை கொட்டாவி விடுது!” என்றான் சின்னவன்.

“மியூசியம் அடுத்த கதவு” என்றாள் படகுக்காரி.

அவர்கள் போனதும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பூதக்கண்ணாடிக்குப் பாவமாக இருந்தது. இந்த அக்கா இன்றைக்கும் தூங்காமல் போனால் நாளை அவளுக்குப் படகு இருக்காது.

“மாமா, நான் எதிர்ப்படியில கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்.”

“பதினேழாவது இடம்...”

“அஞ்சு நிமிஷம் மாமா.”

அவள் தெருவைக் கடந்து போய் உட்கார்ந்தாள். முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் பழசுதான். பாதி வீடுகளில் பச்சைக் கதவுதான். சில கதவுகள் விரியத் திறந்துகூடக் கிடந்தன. ஆனால் அவற்றுக்குள் யாரும் நுழையவில்லை. ஏன்?

தொப்பிக்காரர் ஒருவர் ஒரு வீட்டின் ஜன்னலைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினார். ஜன்னலுக்குக் கீழே கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. குழந்தையின் சட்டைகள், ஒரு துண்டு, யாருடையதோ பெரிய ஜட்டி. தொப்பிக்காரர் கேமராவைச் சட்டென்று இறக்கினார். யாரும் தம்மைப் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்.

பூதக்கண்ணாடி எழுந்து ஓடினாள்.

“அக்கா! அட்டை, கயிறு, சுத்தமான அறை, அமைதி... இதெல்லாம் மியூசியத்துலயும் இருக்கும். மியூசியத்துல இல்லாதது என்ன தெரியுமா?”

“என்ன?”

“ஈரத்துணி! துவைக்கற துணி ஏதாவது இருக்கா?”

“அதுக்கென்ன குறைச்சல்? நேத்து ஊற வெச்சது பின்னால வாளியில கிடக்கு. அலசத்தான் தெம்பு இல்லை. எழுந்து வர்றேன், இரு.”

“நீங்க எழுந்திருக்காதீங்க. மாமா அலசுவார்.”

“நானா?” என்றார் மாமா.

பதினேழாவது இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவருடைய துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பூதக்கண்ணாடி கயிற்றை எடுத்துப் போய் இரண்டு இரும்பு வளையங்களுக்கும் நடுவே இழுத்துக் கட்டினாள்.

“ஆபீஸ்ல ஏதாவது சொல்லுவாங்களோ?” என்று மாமா கவலைப்பட்டார்.

“ஆணி அடிக்கலையே மாமா. வளையம் அவங்களோடது, கயிறு நம்மளோடது.”

முதலில் ஆரஞ்சு நிற வேலை உடுப்பு. அதன் இரண்டு கால்களும் வாசலை முக்கால்வாசி மறைத்துத் தொங்கின. அடுத்து ஒரு துண்டு, தலையணை உறை. கடைசியாகக் காலுறைகள். மொத்தம் ஏழு; ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. அவற்றிலும் ஓட்டை உள்ள ஒன்று இருந்தது; அதை நட்டநடுவில் மாட்டினாள்.

“ரொம்ப...” என்று உள்ளேயிருந்து படகுக்காரி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

இருவரும் எதிர்ப்படியில் உட்கார்ந்தார்கள். தெரு முனையில் மஞ்சள் குடை ஒன்று தெரிந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு வழிகாட்டி. அவர் பின்னால் இருபது பேர்.

மாமா பூதக்கண்ணாடியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்து நாம பாக்கப்போறது கப்பல் தலைவரோட வீடு!” என்று வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வந்தார். “அதோ பச்சைக் கதவு! மூணு படி! உள்ள போனீங்கன்னா...”

ஒரு படி ஏறினார். ஈரக் காலுறை அவர் காதில் உரசியது. திரும்பினார். ஓட்டைக் காலுறையும் அவரும் நேருக்கு நேர்.

“ஐயையோ!” என்றார் வழிகாட்டி. சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “இது யாரோ குடியிருக்கற வீடுங்க. அடுத்த கதவுபோல. வாங்க, வாங்க. சத்தம் போடாதீங்க.”

இருபது பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பூனைநடை போட்டு அடுத்த கதவுக்குப் போனார்கள். வரிசையில் கடைசியாக வந்த அம்மாள் கீழே விழுந்திருந்த ஒரு காலுறையைப் பார்த்தார். எடுத்து, உதறி, கயிற்றில் மாட்டிவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

“இப்போ நாம மியூசியத்துக்குப் போகலாமா மாமா?”

“இரு, இன்னொரு கூட்டம் வருதான்னு பாத்துட்டுப் போகலாம்” என்றார் மாமா.

இன்னொரு கூட்டம் வந்தது, ஒதுங்கிப் போனது. அதற்கடுத்த கூட்டமும் அப்படியே. மாமா ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோலச் சந்தோஷப்பட்டார். அவர்கள் கடைசியில் மியூசியத்தின் வாசலுக்குப் போனபோது காவலாளி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கு நான்கு மணியோடு சரியாம்.

மாமா புத்தகத்தைப் பிரித்தார். பதினேழாம் எண்ணைப் பார்த்தார். பென்சிலை அவளிடம் நீட்டினார். “நீயே எழுது.”

அவள் ஓரத்தில் எழுதினாள்: ‘வீடு. நாங்கள் பார்த்துவிட்டோம். இனி யாருக்கும் அனுமதி இல்லை.’

ஆறு மணிக்குப் பயணிகள் படகு கிளம்பியது. துறைமுகத்தின் வாய்க்கு வெளியே மலைபோல ஒரு சரக்குக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால், அதன் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஓர் இழுவைப் படகு. கயிறு விறைத்து நின்றது. பெரிய கப்பல் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. பிறகு சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையைப்போல இழுவைப் படகின் பின்னால் வந்தது.

பூதக்கண்ணாடி மாமாவின் கழுத்திலிருந்த தொலைநோக்கியை எட்டி இழுத்துப் பார்த்தாள். கூடவே மாமாவின் கழுத்தும் வந்தது.

ஆரஞ்சு உடுப்பு தெரிந்தது. தோள்பட்டையில் இன்னும் ஈரம் காயாத திட்டு. படகுக்காரி இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயணிகள் படகின் பக்கம் ஒருமுறை திரும்பினாள். கை மேலே போனது. இழுவைப் படகு இரண்டு முறை ஊதியது.

“என்ன பூதம், முழிச்சுட்டு இருக்காங்களா?” என்று கேட்டார் மாமா.

“கண்ணு பளிச்சுனு இருக்கு. கொட்டாவிகூட விடலை மாமா.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு, காது வரை வாயைத் திறந்து மாமா ஒரு பெரிய கொட்டாவி விட்டார்.