மேலிருந்து வரும் பதில்

சிந்து வாயைத் திறப்பதற்குள்ளேயே மேலிருந்து பதில் வந்துவிட்டது.

“சுத்து.”

ஆனேக்கல் பக்கம் இருக்கும் அந்தப் பல்கலைக்கழக வானாய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொலைநோக்கியின் கூரையான டோமைச் சுழற்றும் பொத்தான் கீழ்த்தளத்தில் இருக்கிறது, ஏணியில் ஏறி வேலை பார்ப்பவர் மேல்தளத்தில். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கீழே இருப்பவர் “சுத்தட்டுமா?” என்று கேட்டு, மேலிருந்து பதில் வந்த பிறகுதான் அழுத்த வேண்டும். விரலை எடுத்தால் டோம் நின்றுவிடும். வருடக்கணக்கில் இதையே செய்து செய்து, பதில் காதில் விழுந்ததும் சிந்துவின் கட்டைவிரல் அவளைக் கேட்காமலே அழுத்தப் போய்விடும்.

இன்று எப்படியோ அழுத்தவில்லை. சக்கரங்களுக்கு கிரீஸ் போட ஏறியிருந்த ஹரிஷ்குமாருக்கு என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டாள். அம்மா போனதிலிருந்து எதுவும் அவளுக்கு உறைப்பதில்லை. ஜோகுபாளையத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்றும் அப்படித்தான். கூடத்தின் வரலாற்றுக் கண்காட்சிக்காக அவள் எழுதியதில் பழனிச்சாமி என்றொரு பெயர் இருந்தது. எழுபதுகளில், ஏணிக்கும் டோமின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே நசுங்கிச் செத்தவர். பதில் கேட்டுத்தான் அழுத்தினேன் என்று கீழே நின்றவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். இயக்குநர் வெங்கடராமன் படித்துவிட்டு, “ஸ்கூல் பசங்க வர்ற எடம்மா, சாவெல்லாம் எதுக்கு? எடுத்துடு” என்றார். எடுத்துவிட்டாள்.

வாசல் கதவு திறந்தது. இரண்டு காபியோடு ஹரிஷ்குமார் உள்ளே வந்தான்.

“வெளிப்படி வழியா எறங்கிப் போயிட்டேன் மேடம். கடையில ஒரே கூட்டம்.”

சிந்து அவனையும் மரப்படிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப மேல யாரு ஹரிஷ்?”

“யாராவது ஸ்டூடன்ட் ஏறியிருப்பான். இருங்க, பாத்துட்டு வர்றேன்.”

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொடுவதுபோல மனசைத் தொட்டுப் பார்த்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் வரவில்லை.

அவன் செருப்புச் சத்தம் மரப்படிகளில் ஏறி, கிரீஸ் வாடையும் புறா எச்சத்தின் நெடியும் கலந்து கிடந்த மேல்தளத்து அரையிருட்டில் நிதானமாக நடந்து, இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாகக் கிணுகிணுத்துக்கொண்டே போய், உச்சியில் நின்றது.

பிறகு சத்தமே இல்லை.

“ஹரிஷ்?”

படிகள் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“ஹரிஷ், யாரும் இல்லன்னா எறங்கி வாங்க.”

“சுத்து.”

ஹரிஷின் குரல் இல்லை. அவளுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

மோட்டார் உறுமியது. டோம் நகர்ந்தது. மேலே ஹரிஷ்குமார் “மேடம்” என்றான். ஒரே ஒரு முறை. ஏதோ முறிந்தது. ஒரு செருப்பு படிகளில் உருண்டு வந்து அவள் காலடியில் கிடந்தது.

விரலை எடுத்தால் போதும். நின்றுவிடும்.

எடு.

விரல் மரத்துப்போயிருந்தது.

டோமின் திறப்பு வழியே வந்து மரப்படிகளில் இறங்கிய சாயங்கால வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. போனது. மறுபடி பட்டது. போனது. மேலே அந்தக் குரல் அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

“சுத்து.”

அதற்குப் பக்கத்திலேயே இப்போது இன்னொரு குரல். தினமும் கேட்ட குரல்.

“சுத்துங்க மேடம்.”