எண்பத்தெட்டுக்குக் காத்திருந்த இதயம்

சனிக்கிழமை மதியம் அந்தப் பழைய பிங்கோ ஹாலின் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். வெளியே மழை விட்டிருந்தது. இங்கிலாந்தில் எங்கள் கிளீத்தோர்ப்ஸ் கடற்கரையில் மழை விடுவதே பெரிய செய்தி. உள்ளே ஈரக் கம்பளமும் என்றோ சிந்திய வினிகரும் சேர்ந்து நாறின.

இந்த மேடையில் நின்று வருடக்கணக்காக எண் கூவியவள் நான், லோரெய்ன். ஹாலை மூடிய பிறகு, அதே கம்பெனியின் செல்போன் பிங்கோவில் அரட்டை அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஒரு நேரலை ஆட்டம். நான் மேடையில் பந்தெடுத்து அதிலுள்ள எண்ணைக் கூவ வேண்டும், ஜனங்கள் வீட்டிலிருந்தே போனில் தங்கள் சீட்டில் அதை அடித்து ஆடுவார்கள். சீட்டு முதலில் நிரம்பியவர் 'ஹவுஸ்' என்று கூவினால் பரிசு அவருக்கு.

ஏற்பாடு எல்லாம் டாரில். வீடியோ கேம் கம்பெனியிலிருந்து எங்களுக்கு வாய்த்த மேதை. தினமும் எட்டிப் பார்த்தால் பரிசுப் பெட்டி, ஆட ஆட ஒரு பட்டம், ஒருநாள் வராவிட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு. அத்தனையும் அவன் கைவரிசைதான். அவனுக்கே ரொம்பப் பிடித்தது இதயத் துடிப்பு. ஒரே ஓர் எண் பாக்கி என்றால் அந்தச் சீட்டு தானாகத் திரையின் மேலே ஏறும், போனுக்குள் ஓர் இதயம் அடிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் போனைக் கீழே வைக்க யாருக்கு மனசு வரும்?

அது நிஜமான இதயம். தெல்மாவுடையது.

தெல்மா இந்த ஹாலுக்கு நாள் தவறாமல் வந்தவள். ஹீட்டர் பக்கத்து நாற்காலி அவளுக்கென்றே இருந்தது. வேறு யாராவது உட்கார்ந்தால் பார்வையாலேயே எழுப்பிவிடுவாள். போன குளிர்காலத்தில் டாரில் அவளைச் சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். நெஞ்சில் மைக்கை ஒட்டித் துடிப்பைப் பதிவு செய்துகொண்டே, ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக ஒரே எண்ணில் தொங்கவிட்டான். எண்பத்தெட்டு, இரண்டு எட்டும் உருண்டு திரண்டு நிற்பதால் நாங்கள் 'ரெண்டு குண்டம்மா' என்று கூவும் எண். படபடப்பு எதுவரை ஏறும் என்று பார்ப்பதற்காக, அந்த எண்ணை மட்டும் வரவே விடாமல் வைத்திருந்தான். பாவம், அது அவளுக்குத் தெரியாது. "அடுத்ததுல வந்துரும், அடுத்ததுல வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பப்பில் பீர் ஏறிய ஒருநாள் இதை டாரிலே பெருமையாகச் சொன்னான். எனக்கு அங்கேயே அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

"அந்தச் சத்தத்த எடுத்துரு ராசா," என்றேன் அந்தச் சனிக்கிழமை, ஹாலுக்குள் வந்த டாரிலிடம், மேடை மைக்கைச் சரிசெய்துகொண்டே. "அரட்டைல தெல்மா பேர்ல யாரோ எழுதுறாங்க. ஒண்ணே ஒண்ணு பாக்கின்னு. வேற ஒரு வார்த்த கிடையாது."

"எவனாவது வேல வெட்டி இல்லாதவனா இருப்பான். அந்தச் சத்தம் வந்தப்புறம் ஜனங்க எவ்வளவு நேரம் கூடுதலா ஆடுறாங்க தெரியுமா? நான் செத்தாலும் அத எடுக்க மாட்டேன்."

"செத்தவகிட்ட கேட்டியா?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே போய் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான்.

"அது அவ எடம் டாரில்."

"அவதான் வரமாட்டாளே!"

ஆட்டத்தைத் தொடங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பந்துகள் காற்றில் குதித்தன. ஏழு கூவினேன், நாற்பத்தொன்று கூவினேன். ஹால் மூடியதிலிருந்து சில்லிட்டுக் கிடந்த ஹீட்டர் 'டிக் டிக்'கென்று சூடேறியது. கூடவே ஒரு வாசனை. தெல்மா எப்போதும் வாயில் ஒதுக்கியிருக்கும் இருமல் மிட்டாயின் வாசனை.

லப்டப்.

"யாருக்கு ஒண்ணு பாக்கி?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல," என்று கிசுகிசுத்தான் டாரில். "இன்னும் பாதிச் சீட்டுகூட யாருக்கும் நிரம்பல." எழுந்து ஓடி ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினான்.

லப்டப். லப்டப்.

அரட்டைத் திரையில் ஒரு வரி விழுந்தது. தெல்மா: ஒண்ணே ஒண்ணு பாக்கி.

விஷயம் தெரியாத மற்றவர்கள் வழக்கம்போல வாழ்த்தினார்கள். 'உனக்குத்தான் தெல்மா!' 'அடிச்சிரும் பாரு!'

டாரில் தள்ளாடி அதே நாற்காலியில் விழுந்தான். கை நெஞ்சைப் பிடித்திருந்தது. கைக்கடியில் சட்டை எகிறி எகிறித் துடித்தது.

"லோரெய்ன்... அது ஸ்பீக்கர்ல வரல."

லப்டப்லப்டப்லப்டப்.

"பந்த எடுக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

நான் எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை. பந்து தானாகவே குழாயில் ஏறி வந்து நின்றது. எண்ணைப் பார்த்தேன். அவளை நினைத்தேன். அந்த பஸ் ஸ்டாப்பை நினைத்தேன்.

"ரெண்டு குண்டம்மா," என்று கூவினேன். "எண்பத்தெட்டு."

"ஹவுஸ்!"

டாரிலின் வாய்தான் திறந்தது. வந்தது தெல்மாவின் குரல்.

பிங்கோவில் ஒரு சட்டம் உண்டு. 'ஹவுஸ்' என்று குரல் வந்தால் அந்த நொடியே எல்லாம் நின்றுவிட வேண்டும்.

நின்றது.

மாரடைப்பு என்றார்கள். சின்ன வயசு, பாவம் என்றார்கள். எனக்கு அந்தப் 'பாவம்' வாயில் வரவில்லை. கம்பெனி பயந்துபோய் இதயச் சத்தத்தை எடுத்துவிட்டு ஒரு மேளச் சத்தத்தைப் போட்டது.

திங்கட்கிழமை காலை டீயும் கையுமாக அரட்டை அறையைத் திறந்தேன். யாருக்கோ ஒரே எண் பாக்கி, சீட்டு மேலே ஏறியது. மேளம் அடிக்கவில்லை. இரண்டு இதயங்கள் அடித்தன. ஒன்று அவசரமே இல்லாமல், நிதானமாக. இன்னொன்று தலைதெறிக்க ஓடுகிறவனுடையது.

திரையில் ஒரு புதுப் பெயர் வந்தது. டாரில்: ஒண்ணே ஒண்ணு பாக்கி.

கொஞ்ச நேரம் கழித்து அதன் கீழே பதில் விழுந்தது.

தெல்மா: அடுத்ததுல வந்துரும் ராசா.