கிங்கோவின் சொந்தக்காரர்கள்

எட்மண்டனில் ஜெனோஜாவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒரு பெரிய வெள்ளை போஸ்டர் அடைத்துக்கொண்டிருந்தது. அதன் நடுவில், விசிறி போல ஒரேயொரு கிங்கோ இலை.

“முடிஞ்சிடுச்சு,” என்றான் அவளோடு படிக்கும் கிரண். பந்து விளையாடப் போகும் அவசரம் அவனுக்கு.

ஏதாவது ஓர் உயிரை அதன் குடும்பத்தோடு வரைந்து வரும்படி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இவர்களுக்குக் கிடைத்தது கிங்கோ மரம். அதன் குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது அது மட்டும்தான். மற்றச் சொந்தங்கள் டைனோசர் காலத்தில் வளர்ந்து, அழிந்துபோனவை. கல்லில் பதிந்த இலைகளை வைத்துத்தான் அவற்றைத் தெரியும்.

ஜெனோஜா போஸ்டரையே பார்த்தாள். பள்ளி விட்டு எல்லாரும் போனபின் வாசலில் தனியே நிற்கும் பிள்ளை மாதிரி இருந்தது அந்த இலை.

“மற்ற ஆக்களையும் கீறுவம்,” என்றாள்.

“செத்துப்போனதுங்களை எல்லாம் யாரு கூப்பிட்டா?” என்றான் கிரண்.

அவள் நூலகப் புத்தகத்தைப் பார்த்து வரையத் தொடங்கினாள். ஒன்று, நாடா நாடாவாகக் கிழிந்த விசிறி. இன்னொன்று, விரல்களை விரித்த கை. கிரணும் முணுமுணுத்துக்கொண்டே ஒன்று வரைந்தான். அது துடைப்பம் போல வந்தது. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று சாதித்தான்.

இவை அழிந்தவை என்று எப்படிக் காட்டுவது? கிரண் சிவப்புப் பேனையை எடுத்து, முதல் இலையின் மேல் குறுக்குக்கோடு போடக் குனிந்தான். ஜெனோஜா அவன் கையைப் பிடித்தாள்.

“எங்கட அப்பாவும் இல்லைத்தானே. அவரின்ர படத்தில கோடு போட்டா வைச்சிருக்கிறம்?”

கிரண் நிமிர்ந்தான். சுவரில், மாலை போட்ட படத்துக்குள் ஜெனோஜாவின் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கிரண் பேனையை மூடினான்.

“எங்க அத்தை படத்துக்குச் சந்தன மாலை,” என்றான் மெதுவாக. “கத்திரிக்கோல் எங்க இருக்கு?”

மஞ்சள் தாளைப் பொடிப்பூக்களாக வெட்டி, நூலில் கோத்து, அழிந்துபோன ஒவ்வோர் இலைக்கும் ஒரு மாலை ஒட்டினார்கள். பந்து கிரணுக்கு மறந்தே போயிற்று.

திங்கட்கிழமை போஸ்டர்கள் எல்லாம் வகுப்புச் சுவரில் ஏறின. இலைக்கு எதற்கு நெக்லஸ் என்று யாரோ கேட்க, சிலர் சிரித்தார்கள். ஜெனோஜாவின் காது சூடாகியது. ஆனாலும் எழுந்து நின்று, தங்கள் வீடுகளில் இறந்தவர்களின் படத்துக்கு மாலை போடுவார்கள் என்றும், கிங்கோவுக்கு இவைதான் வீட்டு ஆட்கள் என்றும் சொன்னாள்.

இடைவேளையில் ஜெஸ்ரின் அவளிடம் வந்தான். யானைக் குடும்பம் வரைந்தவன் அவன். அழிந்துபோன மம்மூத்தின் மேல் பெரிய கறுப்புக் கோடு போட்டிருந்தான். இப்போது அதை அழித்து அழித்து அவன் விரலெல்லாம் கறுப்பு.

“அந்த மாலை எப்பிடிச் செய்யிறது?” என்று கேட்டான். “எங்கட ஆளுக்குக் கழுத்து கொஞ்சம் பெரிசு.”

வகுப்பிலிருந்த மஞ்சள் தாளெல்லாம் அன்றைக்கே தீர்ந்துபோயிற்று.