நடுவில் வரும் எழுத்து

கணினிக் கடையின் உத்தரவாத வரிசையில் அவர்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். தாரணி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மூன்றாவது முறையாகப் படித்தாள். ‘இன்று முதல் முறிவுமானி ஒலியையும் மீட்டுத் தரும்.’ பக்கத்தில் நின்ற அவள் கணவன் நவநீதன் அதைக் கவனிக்கவில்லை. கைப்பேசியில் யாருக்கோ காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தான்.

கணினி விற்கிறவர்கள் மனிதர்களை நம்புவதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையைச் சுத்தியலால் பிளந்துவிட்டு, “தானாப் போச்சுங்க” என்று ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து நிற்பவர்களிடம் எத்தனை நாள்தான் ஏமாறுவது? அதனால் பலகைகளின்மேல் ஞாபகப்பூச்சு என்ற ஒன்றைத் தடவ ஆரம்பித்தார்கள். பலகை முறிந்தால், அந்த நேரத்துப் பத்து நொடிகளில் அதன்மேல் பட்ட விசை, சூடு, அதிர்வு எல்லாம் அந்தப் பூச்சில் உறைந்து கிடக்கும். முறிவுமானி அதைப் படித்து ஒரே ஒரு சொல்லை அச்சடிக்கும். ‘உடைந்தது’ என்று வந்தால் புதுப்பலகை இலவசம். ‘உடைத்தது’ என்று வந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். நடுவில் வரும் எழுத்து ‘ந்’தா ‘த்’தா என்று பார்க்க, திருப்பூரில் பாதிப் பேர் இந்தக் கவுண்ட்டரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

“போயிரலாங்க,” என்றாள் தாரணி. “புதுசே வாங்கிக்கலாம்.”

“எதுக்கு? உத்தரவாதம் இன்னும் ஏழு மாசம் இருக்குது. ஒருக்காத்தான பட்டுது, கீழ விழுந்த மாதிரித்தான் காட்டும். மேசையில இருந்து வழுக்கிருச்சுன்னு நீயே சொல்லு.”

அறிவிப்பைக் காட்டினால் போதும், அவன் திரும்பிவிடுவான். அவள் காட்டவில்லை. ஒன்பது வருடமாக வெளியாள் ஒருவர் காதிலும் விழாத சத்தம் அது. ஒரு தடவையாவது யாராவது கேட்கட்டுமே என்று ஓர் ஆசை எழுந்தது. அவனைவிட அந்த ஆசைதான் அப்போது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. இடது புருவத்துக்கு மேலிருந்த தையலை முடியால் மூடிக்கொண்டாள்.

அவர்கள் முறை வந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் அவர்கள் கொண்டுவந்த முறிந்த பலகையை வாங்கி முறிவுமானிக்குள் வைத்தாள். கரகரவென்று ஓர் இரைச்சல். பிறகு தாரணியின் குரலே கூடம் முழுக்கக் கேட்டது.

“தூசி தட்ட ஆளக் கூப்புட்டிருக்கலாமுங்களே...”

“எனக்கே புத்தி சொல்றயா?”

“வேண்டாங்க, வேண்டாங்க!”

தொப்பென்று ஒரு சத்தம். ஓர் அலறல். அவ்வளவுதான்.

நவநீதனின் விரல்கள் தாரணியின் மேற்கையைப் பற்றி இறுக்கின. “வீட்டுக்கு வா,” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கவுண்ட்டர்ப் பெண் தாரணியின் நெற்றியைப் பார்த்தாள். தாரணி இந்த முறை தலையைக் குனியவில்லை. கேளு அம்மா, ஒரே ஒரு வார்த்தை கேளு என்று மனம் அடித்துக்கொண்டது. அதற்குள் சீட்டு வெளியே வந்தது. அந்தப் பெண்ணின் கண்கள் சீட்டுக்குப் போயின.

உடைந்தது.

“மன்னிச்சுக்குங்க சார்,” என்றாள் அவள் நவநீதனிடம். “எலும்புல மோதுனா நாப்பது அலகு விசை வரைக்கும் பலகை தாங்கோணும். இது முப்பத்தொண்ணுலயே முறிஞ்சிருச்சு. தப்பு எங்களுதுங்க.”

நவநீதனின் பிடி தளர்ந்தது. சிரிப்புகூட வந்தது.

“அந்தச் சத்தம்...” என்றாள் தாரணி. “நீங்க கேட்டீங்கல்ல?”

“கேட்டனுங்க,” அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “பலகைக்கு என்ன ஆச்சோ அத மட்டுந்தான் நாங்க எழுதலாமுங்க.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் கையிலிருந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப அந்தப் பழைய பலகையவாவது என்ற கையில குடுங்க.”

“மாத்திக் குடுத்தாப் பழச அரைச்சிரோணுங்க. அதுதான் முறை.” சொல்லிக்கொண்டே பலகையைக் கவுண்ட்டருக்கு அடியிலிருந்த அரைப்பியில் போட்டாள். தாரணியின் ஒரே சாட்சி மூன்று நொடியில் மாவாகிவிட்டது.

புதுப்பலகை வந்தது. கறுப்பாக, தடிமனாக இருந்தது.

“இது புது ரகமுங்க. எத்தன வேகமா மோதுனாலும் முறியாது. முறிஞ்சாத்தான ஞாபகப்பூச்சுல பதியும்? அதனால இதுக்குப் பூச்சே கெடையாதுங்க. இனிமே நீங்க இங்க வர வேண்டிய வேலையே இருக்காது.”

நவநீதன் பலகையை வாங்கி, உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான்.

“நல்லாக் கனமா இருக்குது,” என்றான் தாரணியிடம்.